காற்றுக்கு ஒரு முழம் இடம்

ஆடி மாதத்தில் நாகர்கோவிலிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி ஆரல்வாய்மொழி கணவாய்க்குள் நுழைந்தால் முதலில் எல்லாம் சுகமாகத்தான் இருக்கும். தென்னை ஓலைகள் ஒரே பக்கமாகச் சீவிவிட்டதுபோல் நிற்கும். பெட்டிக்கடையின் தார்ப்பாய் படபடக்கும். வண்டியில் இருப்பவருக்கு மட்டும் காற்று அடிப்பதே தெரியாது. அது முதுகைத் தள்ளிக்கொண்டு கூடவே வருகிறது. ஆக்சிலேட்டரை லேசாகத் திருகினாலே வண்டி வழுக்கிக்கொண்டு போகும். முப்பந்தலைத் தாண்டிக் காவல்கிணறு வந்ததும் சாலை வடக்கே பணகுடியை நோக்கித் திரும்புகிறது. அங்கேதான் இடது தோளில் யாரோ கைவைத்துத் தள்ளியதுபோல வண்டி வலப்பக்கம் விலகும்.

காற்று மாறவில்லை. சாலைதான் திரும்பியிருக்கிறது.

எனக்கு அது முதல் தடவை நடந்தபோது, பயத்தில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொண்டு, வண்டியை ஒரு விரல்கூட நகரவிடக் கூடாது என்று மல்லுக்கட்டினேன். வண்டி இன்னும் மோசமாக ஆடியது. அது ஏன் என்று புரிந்துகொள்ளப் பல வருடங்கள் ஆயின. புரிந்த பிறகு, இருசக்கர வண்டி என்ற எளிய பொருளின்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

மலைச்சுவரில் ஒரு வாசல்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நீண்ட சுவர்போல் மறிக்கிறது. சுவரில் சில வாசல்கள் உண்டு. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, தெற்குக் கோடியில் ஆரல்வாய்மொழி. தோட்டத்தில் தண்ணீர் விடும்போது குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறிக்கொண்டு பாயும் அல்லவா? இந்த வாசல்களில் காற்று அப்படித்தான் வேகம் பிடிக்கிறது. 1980-களின் பிற்பகுதியிலிருந்து முப்பந்தல் வட்டாரம் காற்றாலைக் காடாக மாறியதற்குக் காரணம் இதுதான். கணவாயைத் தாண்டியதும் மகேந்திரகிரியை ஒட்டிய மலைச்சரிவுகளில் காற்று மோதிச் சுழன்று, சீரான ஓட்டமாக இல்லாமல் விட்டுவிட்டு வரும் வீச்சுகளாக இறங்குகிறது. ஸ்கூட்டர் ஓட்டுபவருக்குச் சிக்கல் தருவது அந்த வீச்சுகள்தான்.

காற்றின் எடை

காற்றுக்கு எடை உண்டு. ஒரு கனமீட்டர் காற்று ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அது வேகமாக வந்து மோதும்போது கொடுக்கும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு.

ஸ்கூட்டரையும் ஓட்டுபவரையும் பக்கவாட்டில் பார்த்தால், காற்றுக்கு எதிரே நிற்கும் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று அதன்மேல் சுமார் 6 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். 54 கிலோமீட்டர் என்றால் 13 கிலோவுக்கு மேல். 72 கிலோமீட்டர் என்றால் 24 கிலோ. வேகம் 36-லிருந்து 54-க்கு, அதாவது பாதியளவு மட்டும் கூடியபோது தள்ளும் விசை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டதைப் பாருங்கள். சீராக அடித்துக்கொண்டிருக்கும் காற்றில் திடீரென்று வரும் ஒரு வீச்சு இவ்வளவு கூடுதலாக இருப்பது சாதாரணம்.

ஆனால் இந்த விசை நம்மை ஏன் உடனே கீழே தள்ளிவிடுவதில்லை? நாம் அறியாமலே காற்றின் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். வண்டியும் ஆளும் சேர்ந்து 180 கிலோ என்றால், 10 கிலோ விசையைச் சமன்செய்ய மூன்று டிகிரி சாய்வு போதும். கடிகாரத்தின் நிமிட முள் அரை நிமிடத்தில் நகரும் கோணம் அது. பக்கத்தில் வருபவருக்குக்கூடக் கண்ணில் படாது. சீரான காற்றில், எத்தனை மைல் போனாலும், இந்தச் சிறு சாய்வே நம்மைத் தாங்கிக்கொள்ளும்.

ஆபத்து, காற்று கூடும்போதும் குறையும்போதும் வருகிறது. சாய்வு பழைய காற்றுக்கானது. வந்திருப்பது புதிய காற்று.

வடக்கே போகிறீர்கள், காற்று இடப்பக்கத்திலிருந்து வருகிறது, சாலையோரத்தில் ஒரு லாரி நிற்கிறது என்று வையுங்கள். அதைக் கடக்கும்போது லாரியின் உடம்பு காற்றை மறைத்துவிடுகிறது. இடப்பக்கம் சாய்ந்திருந்த உங்களைத் தாங்கிய கை சட்டென்று விலகுகிறது. வண்டி லாரியை நோக்கி நகர்கிறது. பதறி நிமிர்ந்து லாரியின் மூக்கைத் தாண்டும் அதே நொடியில் முழுக்காற்றும் திரும்ப வந்து அறைகிறது. இப்போது நடுச்சாலைப் பக்கம் வீசப்படுகிறீர்கள், பின்னால் பேருந்து வருகிற பக்கத்துக்கு. இரண்டு நொடிக்குள் இரண்டு எதிரெதிர்த் தள்ளல்கள். தெற்கே போகிறவருக்கு இதே கதை தலைகீழாக நடக்கும். வலப்பக்கம் முந்திச்செல்லும் லாரி காற்றை மறைக்க, வண்டி அந்த லாரியின் பக்கமே சாயும். லாரி போனதும் வண்டி மண் ஓரத்துக்குத் தள்ளப்படும்.

ஆகவே நிற்கும் வண்டி, பாலத்தின் கைப்பிடிச் சுவர் முடியும் இடம், வரிசைக் கட்டடங்களுக்கு நடுவே வரும் சந்து, மேம்பாலத்தின் உச்சி ஆகியவற்றை வெறும் இடங்களாகப் பார்க்காதீர்கள். அவை ஒவ்வொன்றும் காற்றைத் திறந்து மூடும் கதவு. கதவு எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதி ஆபத்து கழிந்தது.

மீன்காரர் சொன்னதும் ரைட் கேட்டதும்

காவல்கிணறு விலக்கில் ஒரு டீக்கடை. பின்னால் மீன் பெட்டியைக் கட்டிய வண்டியை நிறுத்திவிட்டு ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டி காற்றுக்கு எவ்வளவு பெரிய பலகை! “அண்ணே, இந்தக் காத்துல எப்படித்தான் ஓட்டுறீங்க?” என்று கேட்டேன். “அது தள்ளும்போது கொஞ்சம் போவேன் தம்பி. அது விடும்போது திரும்பி வந்துருவேன். போகவே மாட்டேன்னு நின்னாத்தான் சாய்ச்சுப் போடும்” என்றார்.

அவர் சொன்னதுதான் இயக்கவியல். இடப்பக்கக் காற்று உங்கள் உடம்பை வலப்பக்கம் தள்ளுகிறது. சமநிலைக்கு வர நீங்கள் இடப்பக்கம் சாய வேண்டும். எப்படிச் சாய்வது? உள்ளங்கையில் ஒரு குச்சியை நிறுத்திப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். குச்சி இடப்பக்கம் சாய வேண்டுமானால் கையை வலப்பக்கம் நகர்த்த வேண்டும். வண்டியின் சக்கரங்கள்தான் அந்தக் கை. அவை முதலில் வலப்பக்கம், அதாவது காற்று தள்ளும் பக்கமே போக வேண்டும். அப்போதுதான் மேலே இருக்கும் உடம்பு காற்றின் பக்கம் சாயும். இடது கைப்பிடியை லேசாக முன்னே அழுத்தினால் இது நடந்துவிடும். முன்சக்கரம் கணநேரம் வலப்பக்கம் திரும்பும், வண்டி இடப்பக்கம் சாயும்.

இதைப் பல வருடங்களாக வண்டி ஓட்டுகிறவர்கள்கூட அறிவதில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் செய்கிறார்கள். விமானம் கண்ட ரைட் சகோதரர்கள் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் செய்து விற்றவர்கள். மூத்தவரான வில்பர், இடப்பக்கம் திரும்ப என்ன செய்கிறீர்கள் என்று சைக்கிள் ஓட்டுகிற பலரைக் கேட்டுப் பார்த்தார். முதலில் கைப்பிடி எதிர்ப்பக்கம் சற்றுத் திரும்புகிறது என்பதை அவர்களில் யாரும் சரியாகச் சொல்லவில்லை. அறிவு கவனிக்காததை உடம்பு கற்று வைத்திருக்கிறது.

சக்கரங்கள் முதலில் காற்று தள்ளும் பக்கமே போக வேண்டும் என்பதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை கிடைக்கிறது. காற்று வீசும்போது வண்டி சற்று விலகுவது உங்கள் தவறு கிடையாது. அந்த விலகல்தான் மீட்சியின் முதல் பாதி. தோராயமாகக் கணக்கிட்டால், 180 கிலோ எடையை 10 கிலோ விசை ஒரு நொடி தள்ளினாலே கால் மீட்டருக்கு மேல் நகர்த்திவிடும். சுதாரிப்பதற்குள் அது ஒரு முழமாகிவிடும். அந்த முழத்துக்கு இடம் இருந்தால் ஒன்றும் ஆகாது. இடம் இல்லாமல் பேருந்தை ஒட்டியோ தார் விளிம்பை ஒட்டியோ போனால்தான் விபத்து.

எனவே காற்று எந்தப் பக்கம் தள்ளுமோ அந்தப் பக்கத்தில் இடம் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். காற்று வலப்பக்கமிருந்து வந்தால் சாலையின் இடது விளிம்பை ஒட்டி ஓட்டாதீர்கள். இடப்பக்கமிருந்து வந்தால், வேகமாக வருகிற வண்டிகளிடமிருந்து விலகி உங்கள் தடத்தின் இடப்பகுதியில் போங்கள். கைப்பிடியைப் பற்றியிருங்கள், ஆனால் இறுக்காதீர்கள். முழங்கை சற்று மடங்கித் தளர்ந்திருக்கட்டும். காற்றுக்கு எதிரே நிற்கும் பரப்பில் கணிசமான பங்கு உங்கள் உடம்புதான். கைகள் விறைத்திருந்தால் தோளின் ஒவ்வொரு குலுங்கலும் நேரே கைப்பிடிக்குப் போய், நீங்கள் கேட்காத திருப்பத்தை வண்டிக்குக் கொடுக்கும். அன்று என் வண்டி ஆடியது அதனால்தான்.

பாயாகும் புடவை

ஸ்கூட்டருக்கு இந்தப் பாடம் கூடுதலாகத் தேவை. அதன் எடை நூறு கிலோவைச் சற்றே தாண்டும். சக்கரங்கள் 10 அல்லது 12 அங்குலம். முன்னே கால்களை மறைக்கும் அகலமான தகடு. பைக்கில் பெட்ரோல் டேங்கை முழங்காலால் கவ்விப்பிடிப்பதுபோல இதில் எதையும் கவ்வ முடியாது. எஞ்சின் பின்னால் இருப்பதால் முன்பகுதி இலேசு.

இதன்மேல் நாம் ஏற்றுவதும் கணக்கில் சேரும். காற்றில் விரியும் புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் கப்பலின் பாய்போல இழுக்கும். சக்கரத்தில் சிக்கும் அபாயம் அதற்குமேல். இழுத்துச் செருகிவிடுங்கள். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருப்பவரை அன்றைக்கு மட்டுமாவது இருபுறமும் கால்போட்டு உட்காரச் சொல்லுங்கள். மெத்தை, பிளாஸ்டிக் நாற்காலி, பெரிய அட்டைப்பெட்டி போன்ற, எடை குறைந்து பரப்பு கூடிய சாமான்களைக் காற்று நாளில் ஏற்ற வேண்டாம். அரிசி மூட்டையைவிடக் காலி அட்டைப்பெட்டி ஆபத்தானது. கைப்பிடியோடு சேர்ந்து திரும்பும் உயரமான கண்ணாடித் தடுப்பு இருந்தால் கழற்றிவிடுங்கள். அதன் வழியாகக் காற்றே ஹேண்டில்பாரைத் திருப்பிவிடும்.

வேகம் எவ்வளவு? இங்கே ஓர் அழகான கணக்கு. குறுக்கே 40 கிலோமீட்டர் வேகக் காற்று அடிக்கிறது, நீங்கள் 30-இல் போகிறீர்கள். உங்கள்மேல் மோதும் காற்று இரண்டும் சேர்ந்தது. பள்ளியில் படித்த செங்கோண முக்கோணம்: 30, 40, 50. அதே காற்றில் 60-இல் போனால் மோதும் வேகம் 72. பக்கவாட்டு விசை ஏறக்குறைய இதே விகிதத்தில் மாறுகிறது. 60-லிருந்து 30-க்கு இறங்கினால், காற்று துளியும் குறையாமலே அதன் தள்ளல் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையும். அதற்காக ஊர்ந்து போகவும் வேண்டாம். மிக மெதுவாகப் போகும் இருசக்கர வண்டி தன் நிலைத்தன்மையை இழந்துவிடும். முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையே சீராகப் போங்கள். வீச்சு வரும் நொடியில் பிரேக்கை அழுத்தாதீர்கள். ஆக்சிலேட்டரை மட்டும் மெல்லத் தளர்த்துங்கள்.

நிறுத்தத் தெரிவது

காற்றை எப்படி முன்கூட்டியே படிப்பது? முப்பந்தல் பக்கம் போகிறவர்களுக்கு ஆயிரக்கணக்கான திசைகாட்டிகள் நிற்கின்றன. காற்றாலையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அங்கிருந்துதான் காற்று வருகிறது. உங்கள் சாலைக்குக் குறுக்கே அவை முகம் காட்டினால் தயாராகுங்கள். மற்ற ஊர்களில் புல், கொடி, புழுதி, எதிரே வரும் வண்டிகள் தடுமாறும் விதம் ஆகியவை சொல்லும்.

பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் 1805-இல் வகுத்த அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதன்படி பெரிய கிளைகள் அசைந்து, குடை பிடிப்பது சிரமமானால் காற்று 39 முதல் 49 கிலோமீட்டர். மரம் முழுவதும் ஆடி, எதிர்த்து நடப்பதே கஷ்டமானால் 50 முதல் 61. குடை நிற்காத காற்றில் மிகுந்த கவனம் வேண்டும்; நடக்க முடியாத காற்றில் ஸ்கூட்டரை எடுக்கவே வேண்டாம். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில், காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைக்கும் ஏற்பாடு இருந்தது. தண்டவாளம் பற்றிய ரயிலுக்கே அந்த வரம்பு என்றால், இரண்டு சின்னச் சக்கரங்களில் போகும் நமக்கு?

நிறுத்தினாலும் இடம் பார்த்து நிறுத்துங்கள். 1903 டிசம்பர் 17 அன்று கிட்டி ஹாக் மணல்வெளியில் ரைட் சகோதரர்கள் நான்கு முறை பறந்து காட்டினார்கள். நான்காவது பறத்தலுக்குப் பிறகு தரையில் நின்றிருந்த அந்த விமானத்தை ஒரு காற்று வீச்சு புரட்டிப்போட்டது. அது மறுபடி பறக்கவே இல்லை. மரத்தடியும் விளம்பரப் பலகையும் வேண்டாம். சுவரின் மறைவில், வண்டியின் முகம் காற்றைப் பார்க்க நிறுத்துவது நல்லது.

காற்றையே நம்பிப் பிழைக்கிற காற்றாலையும் இதைத்தான் செய்கிறது. காற்று மிஞ்சும்போது நவீனக் காற்றாலை தன் இறக்கைகளைத் திருப்பி, காற்றை நழுவ விடுகிறது. நொடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் என்ற அளவை எட்டினால் பெரும்பாலானவை சுற்றுவதை நிறுத்திக்கொள்ளும். காற்றாலையைச் செய்தவர்கள் காற்றை எதிர்க்க ஓர் அளவும், காற்றுக்கு வழிவிட ஓர் அளவும் வைத்தே செய்திருக்கிறார்கள்.

நான் இப்போதெல்லாம் ஆடி மாதத்தில் காவல்கிணறு விலக்கில் வண்டியை நிறுத்தாமல் வடக்கே திரும்புவதில்லை. ஒரு டீ குடிக்கும் நேரம் காற்றாலைகளின் முகத்தையும் மரங்களையும் பார்க்கிறேன். மரம் முழுதாக ஆடினால் வீட்டுக்கு ஒரு போன்: “காத்து பலமா இருக்கு. அடங்கினதும் கிளம்புறேன், நீங்க சாப்பிடுங்க.”