மட்டக்குதிரை வாங்கும் முன்

உலகச் சந்தையில் 'மினியேச்சர்' என்ற பெயரில் விற்கப்படும் குட்டைக் குதிரைக்கு உயர வரம்பு உண்டு. பிடரி மயிர் முடியும் இடத்திலிருந்து தரை வரை அளந்தால் 34 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 1978இல் தொடங்கிய அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கம் வைத்திருக்கும் அளவு இது. வளர்ந்த மனிதரின் இடுப்புயரம்கூட இராது. எடை பெரும்பாலும் 70 முதல் 110 கிலோ. உடல் சிறிதே தவிர கால், கழுத்து, தலை எல்லாம் பெரிய குதிரையின் விகிதத்திலேயே அமைந்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுக் குதிரைகளும், அர்ஜென்டினாவின் ஃபலபெல்லா குதிரைகளும் இந்த வகைக்கு மூதாதையர். 1842ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் பெண்களையும் பத்து வயது நிரம்பாத சிறுவர்களையும் இறக்கத் தடை விதித்தபின், தாழ்ந்த குகைப்பாதைகளில் வண்டி இழுக்கும் வேலை குட்டைக் குதிரைகள் மேல் விழுந்தது. வீட்டுச் செல்லப் பிராணியாக அவை மாறியது பிற்காலத்தில்தான்.

மேலை நாடுகளில் இவற்றை வளர்ப்போர் சங்கங்கள் விற்பனையையும் பயிற்சியையும் சேர்த்தே நடத்துவது வழக்கம். ஏலத்துக்கு முன்பாகக் கருத்தரங்கு நடக்கும். குளம்பு சீவுவது, பல் பார்ப்பது, தீவனம் அளப்பது, சிறு வண்டியில் பூட்டிப் பழக்குவது எல்லாவற்றையும் கண்ணெதிரே செய்து காட்டுவார்கள். வாங்கும் எண்ணம் இல்லாமல் வேடிக்கை பார்க்க வந்தவரும் கேள்வி கேட்கலாம். புதிதாக வளர்க்க வருபவரை ஈர்ப்பதற்கான ஏற்பாடுதான் இது. ஆனால் அதன் பெரிய பயன் வேறு: வளர்க்க இயலாதவர் அதை அங்கேயே உணர்ந்து, வாங்காமல் திரும்பிவிடுகிறார்.

தமிழ்நாட்டில் அந்த அளவு குட்டையான குதிரைகள் அரிது. இங்கே சிறு குதிரை என்றால் மட்டக்குதிரைதான். ரயிலடியிலிருந்து கோயில் வாசலுக்கும் சந்தைக்கும் ஆள் ஏற்றிச் சென்ற ஜட்கா வண்டிகளை இழுத்தது அது. ஆட்டோ வந்தபின் அந்தப் பிழைப்பு போயிற்று. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து சுமார் 3.4 லட்சம்தான் இருந்தன. 2012இல் அது 6.25 லட்சம். மணிப்பூரி, ஸ்பிதி, சான்ஸ்காரி, பூட்டியா ஆகிய இந்திய மட்டக்குதிரை இனங்கள் மலைப்பகுதிகளுக்குரியவை. போலோ விளையாட்டின் தாய்க்குதிரை எனப்படும் மணிப்பூரிக்காக மணிப்பூர் மாநிலம் 2016இல் தனிக் கொள்கையே வகுக்க வேண்டியிருந்தது. தமிழ் பேசும் நிலத்தில் இன்றும் மட்டக்குதிரைகள் கூட்டமாகத் திரிவதைக் காண யாழ்ப்பாணத்துக்கு அப்பால் உள்ள நெடுந்தீவுக்குப் போக வேண்டும். போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் விட்டுச்சென்ற குதிரைகளின் வழிவந்தவை அவை. கோடையில் குடிநீர் வற்றும்போது அவை படும் பாடு, காட்டில் தானாக வாழும் குதிரைக்கும் மனிதரின் கவனம் தேவை என்பதைக் காட்டுகிறது.

இந்தக் கட்டுரை மனத்தில் கொண்டிருக்கும் கடலூரும் சிதம்பரமும் குதிரை அறியாத ஊர்கள் அல்ல. 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டை மணல்வெளியில் ஹைதர் அலியின் குதிரைப்படை ஆங்கிலேயரை எதிர்கொண்டது. வட்டாரத்தின் ஐயனார் கோயில்களில் சுடுமண் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. தில்லையில் இறைவனோடு கலந்ததாகச் சைவர் போற்றும் மாணிக்கவாசகரின் வரலாறோ குதிரை வாங்கப் போன கதையில்தான் தொடங்குகிறது. பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவாகிறது. நரிகள் பரிகளாகி மதுரைக்கு வருகின்றன. இரவில் லாயத்தில் மீண்டும் நரிகளாகிவிடுகின்றன. பாண்டிய நாட்டார் கடல் கடந்து வந்த குதிரைக்கு எவ்வளவு பொன் கொட்டினார்கள் என்பதற்கு அந்தக் கதையே சாட்சி.

வரலாற்று ஏடுகளும் அதையே சொல்கின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியதையும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் மிகச் சிலவே மிஞ்சியதையும் எழுதிவைத்தார். காரணமாக அவர் சொன்னது பராமரிப்பு அறியாமை. குதிரை மருத்துவம் தெரிந்தவர் இங்கே இல்லை. குதிரை கொண்டுவந்த வணிகர்கள் அப்படிப்பட்டவரை உடன் அழைத்து வருவதும் இல்லை, வர விடுவதும் இல்லை. செத்தால் அடுத்த ஆண்டு மீண்டும் விற்கலாமே என்பது அவர்கள் கணக்கு. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பொருந்தாத தீவனத்தையும் ஒரு காரணமாகக் குறிப்பிடுகிறார். அரசனின் கருவூலத்தால் தாங்க முடிந்த இழப்பு அது. வாயில்லா உயிருக்கோ அதுவே முடிவு. விற்பனை வந்து, அறிவு வராமல் போனதன் விலை என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழ் மண்ணில் வேறு கிடையாது. பின்னாளில் அறிவு சேராமலும் இல்லை. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரம் இருக்கிறது. படங்களோடு கூடிய சுவடிகளும் அங்கே உள்ளன.

இன்று தமிழ்நாட்டில் குதிரை வாங்க விரும்புவோர் கால் வைக்கும் இடம் ஈரோடு மாவட்டத்து அந்தியூர். ஆடி மாதத்தில் புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டி நடக்கும் சந்தை அது. திப்பு சுல்தான் தம் படைக்குக் குதிரை வாங்கிய இடம் என்று மரபு சொல்கிறது. மார்வாரி, கத்தியவாரி குதிரைகளுக்கு நடுவே நாட்டு மட்டக்குதிரைகளும் கட்டியிருக்கும். விலை பேசும் முன் வாங்குபவர் முதலில் வாயைத் திறக்கிறார். நடுவில் உள்ள இரண்டு பால்பற்கள் விழுந்து நிலைப்பல் முளைத்திருந்தால் இரண்டரை வயது. நான்கு என்றால் மூன்றரை. ஆறும் மாறியிருந்தால் நாலரை. ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதன்பின் பல் தேய்மானத்தைப் பார்த்து வயதைக் கணிக்க அனுபவம் வேண்டும். அடுத்து சுழி. நெற்றியிலும் கழுத்திலும் மயிர் சுழித்திருக்கும் விதத்துக்கு ஏற்ப விலை ஏறும், இறங்கும். சுழி பார்ப்பதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியைக் குளம்பின் அடிப்பகுதியைத் தூக்கிப் பார்க்கச் செலவிட்டால் வாங்குபவருக்குப் பெரும் லாபம். நொண்டும் குதிரைக்கு நல்ல சுழி இருந்து பயன் இல்லை.

மேலை நாடுகளில் ஏலத்துக்கு முன் நடப்பது போன்ற கருத்தரங்கு நுழைய வேண்டிய இடம் இதுதான். கடலூரில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையமும், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலமும் இருக்கின்றன. ஆடு, கோழி, கறவை மாடு வளர்ப்போருக்குப் பயிற்சி தந்து பழகிய ஏற்பாட்டில் மட்டக்குதிரைக்கும் ஒரு நாள் ஒதுக்குவது பெரிய காரியம் அல்ல. ஆனால் மாடு வளர்த்த அனுபவம் குதிரைக்குப் போதும் என்ற நம்பிக்கையைத்தான் அந்த வகுப்பு முதலில் கலைக்க வேண்டும்.

தீவனத்தில் தொடங்கலாம். கடலூர் மாவட்டத்தில் பால் மாட்டுக்காகப் பலரும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் போட்டிருக்கிறார்கள். அதில் ஆக்சலேட் மிகுதி. மாட்டின் அசையூண் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. மாதக்கணக்கில் இந்தப் புல்லையே தின்றால் ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள, உடல் எலும்பிலிருந்து அதை எடுக்கும். முகவெலும்பு வீங்கி மென்மையாகிவிடும். கொழுக்கட்டைப் புல்லிலும் இதே சிக்கல் உண்டு; அருகம்புல் பாதுகாப்பானது. வைக்கோல் மட்டுமே போட்டால் குடல் அடைத்துக்கொள்ளும். கரும்பு வட்டாரம் ஆதலால் தோகையும் வெல்லமும் கையெட்டும் தூரத்தில் இருக்கும். அன்பு மிகுதியால் கொடுப்பதும் இவைதான். இனிப்பும் மாவும் கூடினால் குளம்புக்குள் அழற்சி வந்து குதிரை நிற்க முடியாமல் போகும். லேமினைடிஸ் எனப்படும் இந்த நோய்க்குச் சிறு குதிரைகள் எளிதில் ஆளாகும். எல்லாவற்றையும்விடக் கொடியது கோழித்தீவனம். அதில் ரத்தக்கழிச்சலைத் தடுக்கச் சேர்க்கும் மோனென்சின் போன்ற மருந்துகள் கோழிக்கு நன்மை செய்யும். குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். ஒரே கொட்டகையில் கோழியும் குதிரையும் இருந்தால் தீவன மூட்டையைப் பூட்டி வைக்க வேண்டும்.

100 கிலோ எடையுள்ள குட்டைக் குதிரைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ உலர்ந்த புல் போதும். அதைப் பல வேளையாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது. கொள்ளு சிறிதளவே. கொழுத்த குட்டைக் குதிரை இரண்டு நாள் தின்னாமல் நின்றால், உடல் கொழுப்பு ரத்தத்தில் பெருகி ஈரல் செயலிழக்கும். 'நாளைக்குச் சரியாகிவிடும்' என்று காத்திருக்கக் கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. எனவே அது தரையில் புரண்டு, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, வியர்த்தால் வயிற்றுவலி என்று பொருள்; உடனே மருத்துவர் வர வேண்டும்.

குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். சாலையில் வண்டி இழுக்காத குட்டைக் குதிரைக்குப் பெரும்பாலும் லாடம் வேண்டியதில்லை. சீவாமல் விட்டால் குளம்பு வளைந்து, கால் எலும்பின் போக்கே மாறிவிடும். சீவத் தெரிந்தவர் ஊரில் யார் என்பதை வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்வது அவசியம். ஜட்கா போனதோடு லாடம் கட்டுபவர்களும் குறைந்துவிட்டார்கள். வடகிழக்குப் பருவமழை கடலூர்க் கடற்கரையின் தனிச் சிக்கல். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் கொட்டகைகளைப் பெயர்த்தெறிந்தது. 2015இன் வெள்ளம் தாழ்ந்த பகுதிகளில் நாட்கணக்கில் நின்றது. ஈரத்தில் நிற்கும் குதிரையின் குளம்பின் அடி அழுகும். ஆகவே கொட்டிலின் தரையை மேடாக்கி, மணல் பரப்பி, கட்டுக்கயிற்றை அவசரத்தில் அவிழ்க்கத் தோதாக முடிச்சிட்டு வைக்க வேண்டும். மழை முடிந்ததும் ஈக்கள் பெருகும். அவை கடித்துப் பரப்பும் சர்ரா நோய் விட்டுவிட்டுக் காய்ச்சல் தந்து, உடலை மெலியவைத்து, கால்களை வீங்கவைக்கும். காயத்தின் வழியே வரும் இசிவு நோய்க்கும், தெருநாய்களால் வரும் வெறிநோய்க்கும் தடுப்பூசி உண்டு. இரண்டும் தவறக் கூடாது.

வாங்குபவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளை மனத்தில் வைத்தே வருகிறார்கள். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைச் சுமக்கலாம் என்பது பொதுவான வரம்பு. 100 கிலோ குதிரையின் மேல் 20 கிலோ குழந்தை ஏறலாம். பள்ளிக்குப் போகத் தொடங்கி ஓரிரு ஆண்டுகளில் அந்தக் குழந்தை அந்த எடையைத் தாண்டிவிடும். குதிரையோ 25, 30 ஆண்டு வாழும். சவாரிக்காக வாங்கியவர் அதன்பின் என்ன செய்யப்போகிறார் என்ற கேள்வியைக் கருத்தரங்கில் கேட்டே ஆக வேண்டும். சிறு வண்டி பழக்குவதோ, இன்னொரு குதிரையோடு மேய விடுவதோ நல்ல விடைகள். குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. தனியாகக் கட்டிப்போட்டால் ஏங்கி, மரத்தைக் கடித்துக் காற்றை விழுங்கும் பழக்கம் பிடித்துக்கொள்ளும்.

குட்டை என்பதற்காகவே விலை கொடுப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 2024 சங்கராந்தியன்று பிரதமர் தம் இல்லத்தில் புங்கனூர் பசுக்களுக்குத் தீவனம் கொடுக்கும் படங்கள் வெளியானபின் அந்த ஆந்திரக் குட்டை இனத்துக்குத் திடீர் மவுசு வந்தது. மவுசு வந்தால் வளர்ச்சி குன்றிய கன்றும் அரிய இனமாக விலைபோகும். குதிரையிலும் அப்படியே. சில குட்டைக் குதிரைகளில் ஏசிஏஎன் மரபணுப் பிறழ்வால் உண்மையான குள்ளத்தன்மை வருகிறது. நெற்றி புடைத்து, தாடை ஒழுங்கில்லாமல், கால் வளைந்து பிறக்கும் அவை வாழ்நாள் முழுவதும் வலியோடு நடக்கும். உலகின் மிகச் சிறிய குதிரை என்று பெயர்பெற்ற, 44.5 செ.மீ. உயரமே இருந்த தம்பலினாவும் குள்ளத்தன்மை கொண்டதே. அது 2018இல் இறந்தது. பெட்டைக் குட்டைக் குதிரை ஈனும்போது குட்டி சிக்கிக்கொள்வதும் அதிகம். ஆகவே முதல்முறை வளர்ப்பவர் இனப்பெருக்கத்தில் இறங்காமல், காயடித்த ஆண் குதிரையை வாங்குவதே நல்லது.

விற்பனை நாளில் கையில் இருக்க வேண்டிய முதல் தாள் கிளாண்டர்ஸ் இல்லை என்ற ரத்தப் பரிசோதனை முடிவு. மனிதருக்கும் தொற்றும் நோய் அது. 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட வேண்டியதும்கூட. நோய் உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வதைத் தவிர வழியில்லை. குதிரையினங்களுக்கான தேசிய ஆய்வு மையம் ஹரியானாவின் ஹிசாரில் இருக்கிறது. ரத்த மாதிரி எடுத்து அனுப்ப உள்ளூர் கால்நடை மருத்துவரை அணுகலாம். முடிவு வரும் வரை முன்பணத்தோடு நிறுத்திக்கொள்வது முறை. விற்பவர் எழுதித் தர வேண்டியவை வயது, போட்ட தடுப்பூசி, கடைசியாகக் குளம்பு சீவிய தேதி, இப்போது தின்னும் தீவனம். அந்தியூரிலிருந்து சிதம்பரம் வரும் லாரியில் குதிரையைத் தலையசைக்க இடம் விட்டுக் கட்டி, வழியில் நிறுத்தித் தண்ணீர் காட்ட வேண்டும். வந்து சேர்ந்ததும் வீட்டில் வேறு குதிரை இருந்தால் புதியதை இரண்டு வாரம் தனியே வைத்துக் கவனிக்க வேண்டும். பழைய தீவனத்தைச் சிறிது உடன் வாங்கிவந்து, ஏழு முதல் பத்து நாளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புதிய புல்லுக்கு மாற்றினால் குடல் அதற்குப் பழகிக்கொள்ளும்.