தொட்டித் தண்ணீர் தே-ஓ நிறமானால் பயம் வேண்டாம்

மீன் தொட்டியில் மரக்கட்டை வைத்த சில நாள்களில் தண்ணீர் மஞ்சளாகும். ஒரு வாரம் போனால் தே-ஓ நிறத்துக்கே வந்துவிடும். எங்கள் வீட்டுத் தொட்டியைப் பார்த்துவிட்டு, "என்ன, மீனுக்குத் தே-ஓ கலக்கி வெச்சிருக்கியா?" என்று அம்மா கேட்டார். பல வீடுகளில் இந்தக் கட்டத்தில்தான் நல்ல கட்டை குப்பைக்குப் போகிறது. ஆனால், மீனுக்கு உண்மையில் ஆபத்தான கட்டை தண்ணீரின் நிறத்தை மாற்றாமலும் இருக்கலாம்.

அந்தப் பழுப்பு நிறத்துக்குக் காரணம் டானின். தேயிலையில் இருக்கும் அதே வகைப் பொருள்தான். மரத்திலிருந்து கசிந்து தண்ணீரில் கலக்கும். அமிலத்தன்மையைச் சற்றே கூட்டும். நியான் டெட்ரா, சண்டை மீன் போன்றவற்றுக்கு இது ஒத்துப்போகும். வட சிலாங்கூரின் கரிச் சதுப்புக் காட்டில் வாழும் பெட்டா லிவிடா என்ற சண்டை மீனின் தண்ணீரே கடும் தே-ஓ நிறம்தான். நம் ஊர் மீன் பிரியர்கள் கெத்தாப்பாங் இலையைத் தொட்டியில் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான். கப்பி, மோலி போன்றவை கடின நீரை விரும்புபவை. அவை இருக்கும் தொட்டியில் கட்டையைச் சிறிதாக வைப்பது நல்லது.

கட்டை எங்கிருந்து வந்தது?

பயப்பட வேண்டியது இந்தக் கேள்விக்குத்தான். கட்டுமானத்தில் மிஞ்சிய பலகை, பழைய வேலிக் கட்டை, பாலெட் மரம் மூன்றும் வேண்டாம். பூச்சி அரிக்காமலிருக்க மரத்தில் ஏற்றப்படும் மருந்துகளில் தாமிரமும் ஆர்செனிக்கும் இருக்கலாம். தாமிரம் மிகக் குறைந்த அளவிலேயே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். பாலெட்டில் முன்பு என்ன சிந்தியது என்பது யாருக்கும் தெரியாது. வார்னிஷ், சாயம் பட்ட மரமும் கூடாது. இவற்றை எத்தனை முறை கொதிக்க வைத்தாலும் பாதுகாப்பாகாது.

கடற்கரையில் ஒதுங்கிய கட்டையில் உப்பு ஊறியிருக்கும். பச்சை மரத்தின் சாறு தண்ணீரில் கலந்து அழுகும். பிசின் வடியும் பைன், பால் வடியும் கள்ளி, நஞ்சுள்ள அரளி ஆகியவற்றை அடியோடு தவிர்த்துவிடுங்கள். வனக் காப்பகங்களிலும் பூங்காக்களிலும் அனுமதியில்லாமல் கட்டை எடுப்பது மலேசியாவிலும் சரி, சிங்கப்பூரிலும் சரி, சட்டப்படி குற்றம்.

மீன் கடையில் கிடைக்கும் மொப்பானி, ஸ்பைடர் வுட், மலேசிய டிரிஃப்ட்வுட் ஆகியவை தொட்டிக்கென்றே விற்கப்படுபவை. வாங்கும்போது நகத்தால் கீறிப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் உள்ளே மக்கிவிட்டது என்று பொருள், வாங்காதீர்கள்.

தொட்டிக்குள் போகும் முன்

முதலில் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு கூடவே கூடாது. மரம் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அடுத்து, பெரிய பானையில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் கொதிக்க வையுங்கள். பூச்சி முட்டைகள் அழியும், டானினும் ஓரளவு வெளியேறும். பானைக்குள் அடங்காத கட்டை என்றால் கொதிநீரைப் பல முறை ஊற்றுங்கள். பிறகு வாளியில் ஒன்றிரண்டு வாரம் ஊற வைத்து, தண்ணீரை அவ்வப்போது மாற்றுங்கள். வாளி மூடியிருக்கட்டும்; இல்லையென்றால் ஏடிஸ் கொசு குடியேறிவிடும்.

தானாக மூழ்கும் வரை ஊறினால் நல்லது. மொப்பானி விரைவில் மூழ்கும். ஸ்பைடர் வுட் பல வாரம் மிதக்கும். அவசரமென்றால் ஒரு தட்டைக் கல்லில் மீன்பிடி நூலால் கட்டிவிடுங்கள். கனமான கட்டையைக் கண்ணாடிமேல் சாய்த்து வைக்க வேண்டாம். நன்றாக ஆறிய பிறகே உள்ளே இறக்குங்கள்.

வெள்ளைப் படலம் வந்தால்

முதல் சில வாரங்களில் கட்டைமேல் வழவழப்பான வெள்ளைப் படலம் படரும். மரத்தின் சர்க்கரையைத் தின்னும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான் அது. இறாலும் நத்தையும் விரும்பித் தின்னும். இல்லையென்றால் பல் துலக்கியால் தேய்த்து எடுத்துவிடலாம். நாளடைவில் தானே மறையும். ஆனால், அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தாமதிக்காமல் கட்டையை வெளியே எடுத்துவிட்டுத் தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள். அது கட்டை உள்ளுக்குள் அழுகுவதன் அடையாளம்.

பழுப்பு நிறம் பிடிக்காதவர்கள் வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றலாம், வடிகட்டியில் ஆக்டிவேட்டட் கார்பன் வைக்கலாம். சில மாதங்களில் நிறம் தானாகவே குறையும்.

பிள்ளைகள் பள்ளி வளாகத்திலிருந்தோ பூங்காவிலிருந்தோ ஆசையாக ஒரு குச்சியைக் கொண்டுவந்தால் திட்ட வேண்டாம். அது என்ன மரம், அதன்மேல் என்ன தெளித்திருப்பார்கள் என்று அவர்களோடு சேர்ந்தே யோசியுங்கள். பதில் தெரியாத குச்சியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, தொட்டிக்கான கட்டையை அவர்களையே கடையில் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நகத்தால் கீறிப் பார்க்கும் வேலையையும் அவர்களுக்கே கொடுங்கள்.