பத்து நாளும் மூன்று நாளும்

தேநீர் ஆறுவதற்குள் ஒரு கேள்வி. 2100ஆம் ஆண்டில் பிப்ரவரி 29 வருமா? நான்கால் வகுபட்டால் லீப் வருடம் என்று படித்தவர்கள் நாம். வரும் என்றுதான் சொல்வோம். வராது. ஏன் வராது என்பதை வாழ்நாளெல்லாம் உலகத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார் ஒரு கணக்கு வாத்தியார்.

கிறிஸ்டோபர் கிளாவியஸ் என்று பெயர். ஜெர்மனியின் பாம்பெர்க் ஊர்க்காரர். இளவயதிலேயே இயேசு சபையில் சேர்ந்தவர். ரோமில் அந்தச் சபை நடத்திய கல்லூரிதான் அவருக்கு வீடு. 1612இல் இறக்கும்வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். கல்லூரி என்றாலும் லத்தீன் இலக்கணம் படிக்கும் சிறுவர்களும் அங்கே உண்டு. அந்தக் கட்டடத்தில் இன்று ஓர் உயர்நிலைப் பள்ளி நடக்கிறது.

இனி கணக்குக்குப் போவோம். ஜூலியஸ் சீசர் காலத்து நாட்காட்டி, ஓர் ஆண்டுக்கு 365 நாளும் கால் நாளும் என்று வைத்துக்கொண்டது. நான்கு கால் சேர்ந்தால் ஒரு நாள். அதுதான் பிப்ரவரி 29. ஆனால் பருவங்கள் ஒரு சுற்று முடிய அவ்வளவு நேரம் ஆவதில்லை. சுமார் 11 நிமிடம் குறைவு. ஆக, நாட்காட்டி மெதுவாக ஓடும் சுவர்க் கடிகாரம் மாதிரி. 11 நிமிடம் என்ன பெரிதா என்று தோன்றும். 128 ஆண்டில் அது ஒரு முழு நாளாகிவிடும்.

திருச்சபைக்கு இது பெரிய தலைவலி. பகலும் இரவும் சமமாகும் மார்ச் 21ஐ வைத்துத்தான் ஈஸ்டர் ஞாயிறைக் குறிப்பார்கள். 325இல் நைசியாவில் சங்கம் கூடியபோது பொருந்தியிருந்த தேதி அது. பதினாறாம் நூற்றாண்டிலோ, வானத்தில் பகலிரவு சமமாகும் அன்று நாட்காட்டி மார்ச் 11 என்றுதான் காட்டியது. பத்து நாள் பின்தங்கிவிட்டது.

திருத்தந்தை 13ஆம் கிரகோரி 1582இல் ஆணையிட்டார். அக்டோபர் 4 வியாழக்கிழமை இரவு தூங்கியவர்கள் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை விழித்தார்கள். கிழமை தப்பவில்லை, தேதி மட்டும் தாவியது.

நம்மில் பலரும் இதையே சீர்திருத்தம் என்று நினைத்துக்கொள்கிறோம். கதையாகச் சொல்ல நன்றாக இருப்பதால் அதுவே மனதில் நின்றுவிட்டது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மெதுவாக ஓடும் கடிகாரத்தின் முள்ளைத் தள்ளிச் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. நாளைக்கு? மறுபடி பின்தங்கும். அத்தோடு விட்டிருந்தால் இன்றைக்குள் இன்னும் மூன்று நாள் பிந்தியிருப்போம். முள்ளைத் தள்ளியது விடையைத் திருத்தியது மட்டும்தான். வழி தப்பாகவே இருக்கிறது. வழியைத் திருத்தாமல் சிவப்பு மையில் விடையை மட்டும் எழுதிக் கொடுத்தால் மாணவன் அடுத்த கணக்கிலும் அதே இடத்தில்தான் விழுவான்.

வழியைத் திருத்தியது இன்னொரு விதி. 128 ஆண்டுக்கு ஒரு நாள் மிகுதியென்றால் 400 ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று நாள். பழைய கணக்கில் 400 ஆண்டுக்கு 100 லீப் நாள். அதில் மூன்றை எடுத்துவிட்டால் போதும். எந்த மூன்றை? நூறில் முடியும் ஆண்டு 400ஆல் வகுபட்டால்தான் லீப் வருடம் என்றார்கள். 1700, 1800, 1900 மூன்றும் சாதாரண ஆண்டுகளாயின, 2000 தப்பியது. 1900 நாம் பிறக்கும் முன்பே போய்விட்டது, 2100 இன்னும் வரவில்லை. நம் கண்ணெதிரே வந்த 2000 விதிவிலக்குக்கும் விலக்கு. நான்கால் வகுத்தால் போதும் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதில் வியப்பில்லை.

இந்த யோசனை கிளாவியஸுடையது அல்ல. கலாப்ரியாவைச் சேர்ந்த லிலியஸ் என்ற மருத்துவர் வகுத்தது. நடைமுறைக்கு வரும் முன்பே, 1576இல், அவர் இறந்துவிட்டார். யோசனையை ஆராய்ந்த குழுவில் இருந்த கிளாவியஸின் தோளில் விளக்கும் வேலை விழுந்தது. வியேட், ஸ்காலிகர் போன்ற பெரிய அறிஞர்களே எதிர்த்து எழுதினார்கள். ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் பொறுமையாகப் பதில் எழுதி, 1603இல் முழு விளக்கத்தையும் பெரிய நூலாக வெளியிட்டார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்தப் பொறுமைதான். அப்படியும் பிரிட்டன் 1752 வரை மசியவில்லை.

தம் சபைக்குள்ளும் அவருக்கு ஒரு போராட்டம் இருந்தது. தத்துவ ஆசிரியர்கள் கணிதத்தை இரண்டாம் தரமாகப் பார்த்த காலம் அது. கணித ஆசிரியருக்கும் சம மரியாதை வேண்டும் என்று அவர் விடாமல் எழுதினார். 1599இல் வெளியான சபையின் பாடத்திட்டத்தில் யூக்ளிடின் வடிவியலுக்கு வகுப்பில் முக்கால் மணி நேரம் கிடைத்தது. மாதம் ஒருமுறையோ இரு மாதத்துக்கு ஒருமுறையோ, தத்துவமும் இறையியலும் படிப்போர் கூடிய சபை நடுவே ஒரு மாணவன் எழுந்து பெயர்பெற்ற கணக்கொன்றைப் போட்டுக் காட்ட வேண்டும் என்பதும் அதில் உண்டு. அவருடைய யூக்ளிட் பதிப்பைச் சீனாவுக்குக் கொண்டுபோனவர் அவரிடம் படித்த மத்தேயோ ரிச்சி. சீன அறிஞர் சூ குவாங்சியோடு சேர்ந்து முதல் ஆறு பகுதிகளை 1607இல் சீன மொழிக்குக் கொண்டுவந்தார்.

வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் 2100ஐப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 'லீப் வருடம்' என்று சொன்னால் உடனே திருத்த வேண்டாம். 11 நிமிடத்திலிருந்து தொடங்குங்கள்.