தோளும் சுமையும்

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் மணற்பரப்பில் அமைந்துள்ளது லைட்ஹவுஸ் குப்பம். அங்கு தோள்வலிமையே குடும்பத்தின் முதல். படகைக் கரையேற்றுவதும், வலையை இழுப்பதும், மீன்கூடையைச் சுமப்பதும் தோளே. இத்தகைய உழைப்போடு மாலையில் எடைப்பயிற்சியும் செய்ய விழையும் இளைஞரின் ஆர்வம் போற்றத்தக்கதே. ஆயினும், பயிற்சியில் தோள் வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வதே வீரம் என எண்ணுவது பெரும் பிழை.

இறைவன் படைத்த தோள்மூட்டின் அமைப்பை நோக்குவோம். மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, ஆழமற்ற சிறு குழியில் பொருந்தியுள்ளது. அதனாலேயே கை எத்திசையிலும் சுழல்கிறது. அதனாலேயே மூட்டு எளிதில் நிலைகுலையவும் கூடும். நான்கு சிறு தசைகள் அவ்வுருண்டையைக் குழியோடு பற்றிக் காக்கின்றன. எடையைத் திடீரெனக் கூட்டினாலும், மார்பை மட்டும் வளர்த்து முதுகைப் புறக்கணித்தாலும், வலை இழுத்துக் களைத்த தோளை ஓய்வின்றித் தலைக்கு மேல் எடை தூக்க வைத்தாலும், அத்தசைகளின் நாண்கள் நலிவுறுகின்றன. கையை உயர்த்துகையில் வலிப்பதும், இரவில் அப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க இயலாமையும் இதன் அடையாளங்கள்.

செய்யத்தக்கது யாது? வலி தரும் அசைவைச் சில வாரம் விலக்குக, எடையைக் குறைத்திடுக. ஆனால் கையை முற்றிலும் அசைக்காது கட்டி வைப்பின் மூட்டு இறுகிவிடும். வலி மிகாத அளவில் இலேசான பயிற்சியைத் தொடர்வதே நன்று. வலிநிவாரணி மாத்திரையை விழுங்கிவிட்டு எடை தூக்குதல், எச்சரிக்கை மணியின் நாவைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

அறுவை சிகிச்சையே தீர்வு என அஞ்சவும் வேண்டா. நாட்பட்ட தோள்வலியுற்ற 313 பேரைக் கொண்டு பிரிட்டனில் நடந்த ஆய்வு, 2018-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. தோள் எலும்பின் அடிப்பகுதியைச் செதுக்கும் அறுவை, வெறும் பாவனை அறுவையைவிடக் குறிப்பிடத்தக்க நன்மை தரவில்லை என அது காட்டிற்று. பலருக்கு முறையான பயிற்சியே முதல் மருந்து.

ஆயினும் கை திடீரென வலுவிழந்தாலோ, மரத்துப்போனாலோ, பொன்னேரி அரசு மருத்துவமனை போன்ற இடத்தை உடனே நாடுக. மூட்டு நழுவினால், துண்டால் கையைத் தாங்கிக் கட்டி மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். பிறர் இழுத்துப் பொருத்த முயலலாகாது. தோள்வலியோடு மார்பு இறுக்கமும் வியர்வையும் காணின் அது இருதய நோயாகலாம், நொடியும் தாமதியாதீர்.

வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், 2018 காமன்வெல்த் விளையாட்டில் மொத்தம் 317 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். தொடைக் காயத்தோடு போட்டியிட்ட அவர், வெற்றி உறுதியானதும் இறுதி முயற்சியை மேற்கொள்ளாமல் விட்டார். தூக்கத் தெரிந்தவன் எப்போது விடுவது என்பதையும் அறிவான்.

கல்வாரிப் பாதையில் நம் ஆண்டவரின் சிலுவையைச் சீரேன் ஊர்ச் சீமோன் சுமக்கலானார். ஆண்டவரே தம் சுமையில் பிறர் பங்குபெற இடங்கொடுத்தார். எனவே பெற்றோரே, மகன் தோள்வலி என்றால் சோம்பல் எனக் கடியாதீர். சில நாள் அவன் பங்கு வலையை அண்ணனும் தம்பியும் இழுக்கட்டும். இன்று தோள் பெறும் ஓய்வு, நாளை ஒரு குடும்பத்தின் உணவாகும்.