உறக்கத்தில் நின்று போகும் மூச்சு

பசியும் தாகமும் போலவே உறக்கமும் உடலின் இன்றியமையாத தேவையாகும். வீட்டில் ஒருவர் ஒரு வேளை உண்ணாவிட்டால் மற்றவர்கள் கவலை கொள்கின்றனர். ஆனால், ஒருவர் இரவு முழுவதும் உரக்கக் குறட்டை விட்டால், "நன்றாக அயர்ந்து தூங்குகிறார்" என்று எண்ணி விட்டுவிடுகின்றனர். கும்பகர்ணன் என்று கேலி செய்வோரும் உண்டு. உண்மையில், உரத்த குறட்டை பலருக்கு நல்ல உறக்கத்தின் அடையாளம் அன்று. மூச்சுப் பாதை அடைபடுவதன் அடையாளமாகும். இதனை நான் நூலில் படித்து அறியவில்லை. என் 56ஆம் வயதில் மருத்துவமனை ஒன்றின் உறக்கப் பரிசோதனைக் கூடத்தில் ஓர் இரவு படுத்திருந்து அறிந்துகொண்டேன். அந்த அனுபவத்தையும், அங்கே சந்தித்த வேறு சிலரின் அனுபவங்களையும் அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெடுஞ்சாலையில் ஒரு கணம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், பள்ளி விடுமுறையின்போது குடும்பத்தாருடன் கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குக் காரில் திரும்பிக் கொண்டிருந்தேன். பகலுணவு முடிந்து, யோங் பெங்கை நெருங்கும் நேரம். சாலையோரக் கோட்டின்மீது சக்கரம் ஏறிக் கடகடவென்று அதிரவே, கண் விழித்தேன். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவன் நான்தான். பின் இருக்கையில் மூன்று வயதுப் பேத்தி உறங்கிக் கொண்டிருந்தாள்.

யாருக்கும் எதுவும் நேரவில்லை. என் மனைவி வழி நெடுக ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீடு வந்து சேர்ந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"என்னங்க, நீங்க தூங்குறதா நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. ராத்திரியில உங்க மூச்சு நின்னு நின்னு வருது. நின்னதும் நான் எண்ண ஆரம்பிப்பேன். இருபது வரைக்கும் எண்ணுவேன். சில நாள் முப்பதைத் தாண்டிடும்."

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டேன்.

"ஆறு வருஷமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னேன். நீங்கதான் சிரிச்சீங்க."

மறு வாரமே பலதுறை மருந்தகத்துக்குச் சென்றேன்.

நோயின் தன்மை

விழித்திருக்கும்போது தொண்டையைச் சுற்றியுள்ள தசைகள் மூச்சுப் பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன. உறங்கும்போது அவை தளர்கின்றன. பாதை குறுகினால் காற்று உரசிச் செல்கிறது. அந்த ஒலியே குறட்டை. பாதை முழுவதும் மூடிக்கொண்டால் மார்பும் வயிறும் மூச்சிழுக்க முயன்றும் காற்று உள்ளே செல்வதில்லை. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை ஆபத்தை உணர்ந்து சில விநாடிகள் விழித்துக்கொள்கிறது. தசைகள் இறுகி, பாதை திறந்து, பெரும் மூச்சு ஒன்று வருகிறது. மறுபடியும் உறக்கம், மறுபடியும் அடைப்பு. இந்தச் சிறு விழிப்புகள் காலையில் உறங்கியவருக்கு நினைவில் இருப்பதில்லை. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் களைப்போடு எழுவதற்குக் காரணம் இதுவே. மருத்துவர்கள் இதனை ஸ்லீப் ஆப்னியா என்கின்றனர்.

மூச்சு 10 விநாடிகளாவது நின்றால் அதனை ஒரு தடையாகக் கணக்கிடுகின்றனர். மூச்சு பெருமளவு குறையும் தருணங்களும் உடன் சேர்க்கப்படுகின்றன. மணிக்கு 5 முதல் 15 வரை ஏற்பட்டால் லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரமானது. 30க்கு மேற்பட்டால் கடுமையானது. உயர் இரத்த அழுத்தம், பக்கவாதம், சீரற்ற இதயத் துடிப்பு ஆகியவற்றுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு.

இது அரிய நோய் அன்று. சிங்கப்பூரில் நடத்தப்பட்டு 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில், பரிசோதிக்கப்பட்டவர்களுள் ஏறத்தாழ 10 பேரில் 3 பேருக்கு நடுத்தர அல்லது கடுமையான நிலை காணப்பட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அதுவரை தமக்கு இந்நோய் இருப்பதையே அறியாதவர்கள்.

மருத்துவர் கேட்ட கேள்விகள்

மருத்துவர் முதலில் ஒரு தாளைக் கொடுத்தார். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் உருவாக்கப்பட்டு 1991ஆம் ஆண்டில் வெளியான எப்வொர்த் அளவுகோல் அது. புத்தகம் படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, பகலுணவுக்குப் பின் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது, போக்குவரத்து நெரிசலில் வண்டி சில நிமிடம் நிற்கும்போது என எட்டுச் சூழல்களில் கண் அயர்வதற்கு எவ்வளவு வாய்ப்புண்டு என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடவேண்டும். மொத்தம் 24. பத்துக்கு மேற்பட்டால் பகல் உறக்கம் மிகுதி என்று பொருள். நான் இட்ட மதிப்பெண் 9. அருகில் இருந்த என் மனைவி தாளை வாங்கித் திருத்தினார், 16 ஆயிற்று. மருத்துவர் இரண்டாவதையே எழுதிக்கொண்டார்.

பிறகு என் கழுத்தின் சுற்றளவை அளந்தார். 40 சென்டிமீட்டரைத் தாண்டிய கழுத்து, 50க்கு மேற்பட்ட வயது, உயர் இரத்த அழுத்தம், உடல் பருமன் ஆகியவை இந்நோய்க்கான அறிகுறிகளுள் சில. ஒல்லியானவர்களுக்கும் இது வரலாம். தாடை சிறியதாகவோ பின்தள்ளியோ அமைந்திருந்தால் மூச்சுப் பாதை இயல்பிலேயே குறுகலாக இருக்கும்.

பரிசோதனை இரவு

குறித்த நாளில் இரவு எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரவேண்டும் என்பது முதல் விதி. தலையில் எண்ணெய் இருந்தால் உணர்கருவிகள் ஒட்டுவதில்லை. நாள்தோறும் தேங்காய் எண்ணெய் வைத்துப் பழகிய எனக்கு அதுவே ஒரு சோதனை! நண்பகலுக்குப் பின் காப்பி, தேநீர் கூடாது. அன்று பகலில் உறங்கவும் கூடாது.

அறை, சிறிய தங்கும் விடுதி அறையைப் போல இருந்தது. சுவரில் இருட்டிலும் படம் பிடிக்கும் கேமரா இருந்தது. தொழில்நுட்பர் ஒருவர் முக்கால் மணி நேரம் பொறுமையாக அமர்ந்து கம்பிகளைப் பொருத்தினார். தலையில் ஒட்டியவை மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்பவை. கண்களின் ஓரம் ஒட்டியவை கண்களின் அசைவைக் காட்டுபவை. கனவுறக்கம் வருவதை அவற்றால் அறியலாம். தாடையிலும் கால்களிலும் தசை அசைவுக்கானவை. மார்பில் இதயத் துடிப்புக்கானவை. மார்பையும் வயிற்றையும் சுற்றி இரண்டு பட்டிகள். மூக்கருகே மெல்லிய குழாய். விரல் நுனியில் பிராணவாயுவை அளக்கும் சிவப்பு விளக்கு. இவற்றுள் எதுவும் ஊசி அன்று, வலியும் இல்லை.

"இத்தனையையும் கட்டிக்கொண்டு எப்படித் தூங்குவது?" என்று கேட்டேன். "எல்லாரும் இதையே கேட்கிறார்கள், எல்லாரும் தூங்கி விடுகிறார்கள்" என்றார் அவர். கழிவறைக்குச் செல்லவேண்டுமானால் குரல் கொடுத்தால் போதும். கம்பிகள் சேரும் பெட்டியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். நான் இருமுறை சென்றேன். இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவதும் இந்நோயின் அறிகுறிகளுள் ஒன்று என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

காலை ஆறு மணிக்கு எழுப்பினார்கள். "நான் கண்ணையே மூடவில்லை, பரிசோதனை வீண்தான்" என்றேன். தொழில்நுட்பர் சிரித்துவிட்டுத் திரையைக் காட்டினார். நான் 5 மணி 10 நிமிடம் உறங்கியிருந்தேன்.

உடனிருந்தோர் கூறியவை

முடிவு அறியக் காத்திருந்த நாளில் அங்கே வேறு சிலருடன் பேச வாய்த்தது.

ஒருவர் ஒல்லியான அம்மையார். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கடை நடத்துபவர். மாதவிடாய் நின்ற பிறகு உறக்கம் கெட்டது. பல ஆண்டுகள் தூக்க மாத்திரை உட்கொண்டார். அவர் குறட்டை விடுவார் என்று யாரும் நினைக்கவில்லை. பெண்களுக்கு இந்நோய் பெரும்பாலும் களைப்பாகவும், தூக்கமின்மையாகவும், மனச்சோர்வாகவும் தோன்றுவதால் கண்டறியத் தாமதமாகிறது. சில தூக்க மாத்திரைகளும் மதுவும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்துபவை. அந்த அம்மையார் பரிசோதனைக்குத் தயங்கியது வேறொரு காரணத்தால்: இரவில் ஓர் ஆடவர் கம்பி பொருத்துவாரோ என்ற கூச்சம். முன்கூட்டியே சொன்னதால் பெண் ஒருவரையே ஏற்பாடு செய்திருந்தனர். கேட்பதில் தவறில்லை.

மற்றொருவர் லாரி ஓட்டுநர். நாற்பது வயதும் ஆகாதவர். "முடிவு தெரிந்தால் வேலை போய்விடுமோ" என்பதே அவருடைய அச்சம். அதனால் இரண்டு முறை நாள் குறித்தும் வரவில்லை. என் சாலை அனுபவத்தை அவரிடம் கூறினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் நடந்திருக்கு அண்ணே, வீட்டுல சொல்லல" என்றார். வேலையைக் காப்பாற்றுவது நோயை மறைப்பது அன்று, நோயைக் கட்டுப்படுத்துவதே.

மூன்றாமவருக்கு மூச்சுத் தடையே இல்லை. படுத்ததும் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்ற உந்துதல்தான் அவர் உறக்கத்தைக் கெடுத்தது. இரத்தத்தை சோதித்ததில் இரும்புச்சத்துக் குறைவு தெரிந்தது. உறக்கக் குறை எல்லாம் ஒரே நோய் அன்று என்பதற்கு இவர் சான்று.

முகமூடியும் மீசையும்

எனக்கு மணிக்கு 41 தடைகள். பிராணவாயு 79 விழுக்காடு வரை இறங்கியிருந்தது. நல்ல உடல்நிலையில் அது 95 அல்லது அதற்கு மேல் இருக்கும். மருத்துவர் சிபேப் கருவியைப் பரிந்துரைத்தார். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் சிட்னியில் உருவாக்கி 1981ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த முறை இது. பலர் எண்ணுவதுபோல் இது பிராணவாயுக் கலம் அன்று. அறையின் காற்றையே மெல்லிய அழுத்தத்துடன் முகமூடி வழியே செலுத்தும். அந்த அழுத்தம், தொண்டை மூடிக்கொள்ளாதபடி உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது.

முதல் மூன்று வாரம் நான் பட்ட பாட்டை மறைக்க விரும்பவில்லை. காற்று ஓரத்தில் கசிந்து கண்ணில் அடித்தது. வாய் உலர்ந்தது. ஒரு நாள் நள்ளிரவில் கழற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கருவியை வாங்கியவர்களுள் கணிசமானோர் இப்படித்தான் கைவிடுகின்றனர். என் மனைவி மறுபடியும் எண்ணத் தொடங்கினார்.

மருத்துவமனைக்குத் திரும்பிச் சென்றபோது கசிவின் காரணம் தெரிந்தது. என் முப்பது ஆண்டு மீசை! முகமூடி அதன்மீது சரியாகப் படியவில்லை. "மீசை போனா என்னங்க, மூச்சு இருந்தாப் போதும்" என்றார் மனைவி. மீசை போக வேண்டியதாகவில்லை. மூக்குத் துவாரங்களில் மட்டும் பொருந்தும் சிறிய வகையை மாற்றித் தந்தனர். காற்றை ஈரப்படுத்தும் நீர்த்தொட்டியும் சேர்த்தனர். முதலில் பகலில் தொலைக்காட்சி பார்க்கும்போது அரை மணி நேரம் அணிந்து பழகினேன். ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

அனைவருக்கும் இக்கருவி தேவைப்படுவதில்லை. லேசான நிலையில் உடல் எடையைக் குறைப்பதும், மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பதும் பயன் தரும். கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் பற்கருவி சிலருக்கு ஏற்றது. குழந்தைகளுக்குத் தொண்டைச் சதை வீக்கமே பெரும்பாலும் காரணம். அறுவைச் சிகிச்சை செய்தால் பலர் குணமடைகின்றனர். உடல் பருமனுடன் இந்நோய் உள்ள பெரியவர்களுக்கு டிர்செபடைடு என்னும் ஊசி மருந்தை 2024 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்தது.

மிகைப்படுத்தவும் வேண்டா. முன்பே இதய நோயோ பக்கவாதமோ கண்டவர்களிடம் நடத்தப்பட்டு 2016ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, இக்கருவி மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்ததாகக் காட்டவில்லை. ஆயினும் பகல் உறக்கமும் குறட்டையும் குறைந்தன, மனநிலையும் மேம்பட்டது. வண்டி ஓட்டுபவருக்கு அதுவே பெரிது.

செய்யவேண்டியவை

உரத்த குறட்டை, உறக்கத்தில் மூச்சு நிற்றல், காலைத் தலைவலி, பகலில் அடக்கமுடியாத உறக்கம் ஆகியவை இருந்தால், சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தையும், மலேசியாவில் அரசாங்க சுகாதார கிளினிக்கையும் முதலில் நாடுங்கள். அங்கிருந்து கடிதம் பெற்று நிபுணரிடம் செல்வது செலவைக் குறைக்கும். சிலருக்கு வீட்டிலேயே செய்யும் எளிய பரிசோதனையும் போதுமானது. அருகில் படுப்பவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். நோயாளிக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். சிகிச்சை தொடங்கும் வரை நெடுந்தூரம் வண்டி ஓட்டுவதைத் தவிருங்கள்.

தனியே வாழும் முதியோரின் குறட்டையைக் கேட்க யாரும் இல்லை. அவர்களைச் சென்று காணும் தொண்டர்கள், "சாப்பிட்டீர்களா?" என்று கேட்பதுடன், "பகலில் தூக்கம் வருகிறதா?" என்றும் ஒரு வார்த்தை கேட்பார்களாயின், அதுவும் பெரிய தொண்டே ஆகும்.

புதிய முகமூடியுடன் நான் நன்கு உறங்கிய முதல் இரவில், என் மனைவி திடுக்கிட்டு எழுந்து விளக்கைப் போட்டாராம். அறையில் ஓசையே இல்லாததால் அஞ்சி, என் மார்பின்மீது கை வைத்துப் பார்த்தாராம். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் அன்றுதான் அவரும் எண்ணாமல் உறங்கினார். நம் வீடுகளில் இப்படி இருட்டில் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேரோ! அவர்கள் சொல்லும்போது சிரிக்காமல் கேட்போம்.