கடலில் ஓடும் நெடுஞ்சாலை

அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தில் 305-ஆம் எண் மாநில நெடுஞ்சாலை பாதி தாரில் போகிறது, பாதி தண்ணீரில் போகிறது. பெயின்பிரிட்ஜ் தீவின் கரைக்கு வந்ததும் காரைக் கப்பலில் ஏற்றிவிட வேண்டும். இறங்கும் இடம் சியாட்டில் நகரம். எட்மண்ட்ஸ் - கிங்ஸ்டன் இடையே 104, முகில்டியோ - கிளிண்டன் இடையே 525, போர்ட் டவுன்சென்ட் - கூப்வில் இடையே 20 என்று மற்ற கடல்வழிகளுக்கும் நெடுஞ்சாலை எண்கள்தான்.

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. பெட்ரோல் வரிப் பணத்தை நெடுஞ்சாலைக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று 1944-இல் மாநில அரசியல் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. பொதுச்சாலையின் பகுதியாக ஓடும், ஃபெர்ரி எனப்படும் இந்தக் கப்பல்களும் அந்தச் செலவில் அடக்கம். ஆகவே அந்தப் பணத்தில் நகரப் பேருந்து ஓட்ட முடியாது, கப்பல் ஓட்டலாம். கப்பலுக்குக் காத்திருக்கும் கார் வரிசை நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே நீள்வதால், இடையில் புகுவதும் போக்குவரத்துக் குற்றம். அபராதத்தோடு, வரிசையின் கடைசிக்கே திருப்பி அனுப்புவார்கள். ரேஷன் கடை வரிசைக்கு இப்படியொரு சட்டம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மாநில அரசு இந்தத் தொழிலில் இறங்கியது 1951 ஜூன் 1-இல். பியூஜெட் சவுண்ட் என்னும் உள்கடலில் ‘பிளாக் பால்’ என்ற தனியார் நிறுவனம் நடத்திவந்த சேவையை ஏறத்தாழ 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. பாலங்கள் கட்டும்வரைதான் கப்பல் என்பது அன்றைய எண்ணம். குறுக்கே பாலம் கட்டும் யோசனையைச் சட்டமன்றம் 1959-இல் தள்ளிவிட்டது. கடல் அங்கே அவ்வளவு ஆழம். ஹூட் கால்வாயில் போட்ட மிதவைப் பாலம்கூட 1979 பிப்ரவரிப் புயலில் பாதி மூழ்கிப்போனது. அது மீண்டும் திறக்க மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இடைக்கால ஏற்பாடாக வந்த கப்பல்கள் நிரந்தரமாகிவிட்டன. இன்று சுமார் 20 கப்பல்களோடு அமெரிக்காவின் மிகப் பெரிய ஃபெர்ரி சேவை இதுதான்.

சிக்கல் பணத்தில் தொடங்கியது. கார் வைத்திருப்போர் ஆண்டுதோறும் கட்டும் வரியை 30 டாலராகக் குறைக்கும் 695-ஆம் எண் முன்மொழிவை 1999-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றினார்கள். அது செல்லாது என்று நீதிமன்றம் பின்னர் சொன்னாலும், வரிக்குறைப்பைச் சட்டமன்றமே சட்டமாக்கிவிட்டது. கப்பல் வாங்கவும் துறைகளைக் கட்டவும் ஒதுக்கிவந்த நிதியில் முக்கால் பங்கு அந்த வரியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

விளைவு வெளிப்பட எட்டு ஆண்டுகள் பிடித்தன. 2007 நவம்பரில், நன்றி தெரிவிக்கும் திருநாளுக்கு இரண்டே நாள் முன்பு, 1927-இல் கட்டிய நான்கு கப்பல்களையும் நிறுத்தும்படி உத்தரவு வந்தது. அடிப்பகுதி அவ்வளவு அரித்துப்போயிருந்தது. இவை போய்வந்த கூப்வில் பக்கத்துத் துறை குறுகலும் ஆழமின்மையும் கொண்டது. அன்று மாநிலத்தின் வேறு எந்தக் கார்க் கப்பலாலும் அதற்குள் நுழைய முடியவில்லை. வேறொரு மாவட்டத்தின் சிறு படகை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். புதிய கப்பல் வந்தது 2010-இல்.

நெடுஞ்சாலைக்கும் கப்பலுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் உறைக்கிறது. குழி விழுந்த சாலையில் மெதுவாகவாவது போகலாம். கப்பல் பழுதானால் அந்தச் சாலையே அன்றைக்கு இல்லை. கடலோரக் காவல்படை நிர்ணயித்த குறைந்தபட்ச ஊழியர்களில் ஒருவர் வராவிட்டாலும் கப்பல் கிளம்பாது. பெருந்தொற்றுக்குப் பிறகு ரத்தான பயணங்களில் பல இப்படி ஆள் இல்லாமல் போனவையே.

நவீனமாக்கல் சரியாக நடந்த இடமும் உண்டு. முகில்டியோவின் பழைய துறையில் நடந்து வருபவர்களும் கார்களும் ஒரே சாய்தளத்தில்தான் ஏற வேண்டியிருந்தது. ஒரு கூட்டம் முடியும்வரை மறு கூட்டம் நிற்கும். 2020 டிசம்பர் கடைசியில் திறந்த புதிய துறையில் நடப்பவர்களுக்கு மேலே தனி நடைபாலம். கார்கள் கீழே தம் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். அப்பகுதியின் பழங்குடிகளின் நீள்வீட்டு வடிவில் கட்டடத்தை அமைத்திருக்கிறார்கள்.

கப்பல் விஷயத்தில்தான் இழுபறி. ஆண்டுக்கு ஏறத்தாழ 7 கோடி லிட்டர் டீசல் குடிக்கும் இந்தக் கப்பல்களை மின்கலத்துக்கு மாற்றுவது திட்டம். மின்கலத்தில் ஓடும் கார்க் கப்பலை நார்வே 2015-லேயே ஓட்டிக் காட்டிவிட்டது. ஆனால் உள்நாட்டுத் துறைகளுக்கு இடையே ஓடும் கப்பல் அமெரிக்காவில் கட்டியதாக இருக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். மாநிலத்துக்குள்ளேயே கட்ட வேண்டும் என்பது அதற்கு மேல் வாஷிங்டன் போட்டுக்கொண்ட நிபந்தனை. சியாட்டிலின் கப்பல் கட்டும் தளத்தோடு நடந்த பேச்சு 2022-இல் விலையில் முறிந்தது. நிபந்தனை தளர்ந்தது 2023-இல். உள்ளூரில் வேலை கொடுக்கும் ஆசை நியாயமானதே. அதற்காகக் கப்பலே இல்லாமல் ஆண்டுகளைக் கடத்தியது நியாயம் என்று எனக்குப் படவில்லை.

2025 ஜூலையில் ஃப்ளோரிடாவின் ஈஸ்டர்ன் தளத்துக்கு, தலா 160 கார்கள் ஏற்றும் மூன்று கப்பல்களுக்கு 71.45 கோடி டாலர் ஒப்பந்தம் போனது. வாஷிங்டனின் விட்பி தீவைச் சேர்ந்த தளமும் போட்டியிட்டது. உள்ளூர்த் தளம் என்ற சலுகைக் கணக்கைச் சேர்த்தும் அதன் விலை கட்டவில்லை.

அதே மாதம் 202 கார்கள் ஏற்றும் ‘வெனாச்சி’, டீசலும் மின்கலமும் சேர்ந்த கப்பலாக மாறி வேலைக்குத் திரும்பியது. செலவு சுமார் 8.6 கோடி டாலர். துறைகளில் மின்னேற்றும் வசதி அப்போது தயாராகவில்லை. அதனால் கப்பலுக்குள்ளேயே டீசல் ஜெனரேட்டரை ஓட்டி மின்கலத்துக்கு ஏற்ற வேண்டியிருந்தது. டீசல் குறையும், முழுப் பலன் துறைக்கு மின்கம்பி வந்த பிறகே.

இதே வகையைச் சேர்ந்த இன்னும் இரண்டு கப்பல்களின் மாற்றத்தை ஆளுநர் பாப் ஃபெர்குசன் 2025-இல் தள்ளிவைத்தார். 2026 உலகக் கோப்பைக் கால்பந்து ஆட்டங்கள் சியாட்டிலிலும் நடக்கவிருந்ததால், பெரிய கப்பல்களைப் பட்டறைக்கு அனுப்ப மனமில்லை. புதிய கப்பல்களில் முதலாவது 2029-இல் வர வேண்டும். அதுவரை 1959-இல் கட்டிய ‘டிலிக்கம்’ முதலான பழைய கப்பல்கள்தான் பாரத்தைத் தாங்கியாக வேண்டும்.