கதையைப் பறிக்கும் கைடுகள்

புது தில்லி: தனக்கு எழுதக் கற்றுத் தருபவரின் 600 ரூபாயைத் திருடிக்கொண்டு ஓடுகிறான் ஒரு சிறுவன். முழு வாக்கியங்கள் எழுதப் பழகும் வாய்ப்பு பறிபோகுமே என்ற எண்ணம் அவனைத் திரும்ப அழைத்து வருகிறது. ரஸ்கின் பாண்டின் இந்தச் சிறுகதை, 2005-ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பின் அடிப்படையில் என்.சி.இ.ஆர்.டி. உருவாக்கிய 10-ஆம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாட நூலில் இடம்பெற்றது. மனப்பாட முறையிலிருந்து கல்வியை விடுவிப்பதே அவ்வடிவமைப்பின் முக்கிய நோக்கங்களில் ஒன்று.

12-ஆம் வகுப்பு நூலிலோ கல்கியின் புலி வேட்டை மன்னர் வந்தார். நூறாவது புலியைக் கொன்றுவிட்டதாக மன்னர் நம்புகிறார். உண்மையில் குண்டு படவில்லை, புலி மயங்கி விழுந்திருந்தது. 'விழுந்தது', 'விழுந்திருந்தது' என்னும் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலத்தில் உணர்த்த, இலக்கண அட்டவணையைவிட இக்கதை வலுவானது. புதிய சொல்லின் பொருளையும் கதையின் சூழலே ஊகிக்கவைக்கிறது.

ஆனால், சந்தையில் குவியும் கைடுகள் கதையைச் சுருக்கமாகவும், சிந்தனையைத் தயார் விடையாகவும் மாற்றிவிடுகின்றன. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு வேறு ஆங்கில நூல்கள் உண்டு. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்குப் பாடநூலே ஒரே நூலகம். அதையும் கைடு பறித்துக்கொண்டால், மதிப்பெண் கிட்டலாம், மொழி கிட்டாது. வகுப்பறையில் கதையை முழுமையாக வாசிக்க நேரம் ஒதுக்குவதும், மனப்பாடத்துக்கு இடம்தராத வினாக்களைக் கேட்பதும் அரசுகளின் கடமையாகும்.